நேயர் மன்றச் செயலாளர்

போன கிழமை நீங்கள் என்னை விட்டுவிட்டுப் போன இடத்திலேயேதான் நின்றுகொண்டிருக்கிறேன். கையில் போன். மறுமுனையில் என் மச்சான் இப்றாஹிம்.

மச்சான் என் மனைவி சுஹறாவின் மூத்த சகோதரர், எங்கள் பேச்சில் காக்கா. அக்கரைப்பற்றில் வீடு, சாகாமத்தில் வயல். புனிதப் பயணமான உம்றாவுக்கு டிக்கட் போட்டுவிட்டார். அந்தப் பயணம் போகிறவர்கள் சொந்தபந்தங்களின் வாசல் வாசலாக ஏறி, செய்த பிழைக்கெல்லாம் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"சுஹறாட்ட ஒண்ட மறைச்சு வெச்சிக்கிட்டு நான் அந்த மண்ணுல கால் வெக்க ஏலா, மச்சான்," என்றார். "வியாழக்கிழமை பின்னேரம் அசறுக்கு உங்கட வீட்ட வாறன். அதுக்கு முன்ன நீங்க சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லுவன்."

போனை வைத்தேன். அந்த வியாழக்கிழமைதான் இன்றைக்கு.

இந்தத் தொடருக்குப் பிந்தி வந்து சேர்ந்தவர்களுக்காக என்னைப் பற்றி நாலு வரி. மருதமுனையில் மசூர் என்று கேட்டால் ஐந்தாறு பேரைக் காட்டுவார்கள். ரேடியோ மசூர் என்று கேட்டால் பிரதான வீதியில் சைக்கிள் திருத்துகிற என்னை மட்டும்தான் காட்டுவார்கள். சைக்கிள் திருத்துவது சோற்றுக்கு. முப்பது வருஷமாக நான் உண்மையில் செய்துவரும் வேலை, வானொலிக்குத் தபாலட்டை எழுதுவது. பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், பொது அறிவுப் போட்டி எதையும் விட்டதில்லை. அறிவிப்பாளர் "மருதமுனை மசூர்" என்று சொல்லும் அந்த நொடியில் நான் டியூபுக்கு ஒட்டுப்போடுகிறவன் இல்லை, நாடறிந்த ஒருவன். நாடு இதுவரை அதை அறியவில்லை என்பது வேறு விஷயம்.

நேயர் மன்றமும் ஒன்று வைத்திருந்தேன். தலைவர் நான். செயலாளர் என் மகன் றிஷாட். பொருளாளர் சுஹறா. தான் பொருளாளர் என்பது அவளுக்குத் தெரியாது. மன்றத்திடம் பொருள் எதுவும் இல்லாததால் பிரச்சினை வரவில்லை.

செயலாளருக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது கடல் வந்தது. இரண்டாயிரத்து நான்கு, டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை. சுஹறாவும் மகள் நிப்லாவும் அக்கரைப்பற்றில் ஒரு கலியாண வீட்டில். நான் வீதியில். அவன் மட்டும் வீட்டில்.

அவன் அன்று வீட்டில் இருந்திருக்க வேண்டியவனே இல்லை. அவனை நிறுத்தி வைத்தவன் நான். நாலரை வருஷமாக இது எனக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும்.

*

யுத்தம் முடிந்து பத்து நாளாகிவிட்டது. வீதியில் போகிற ஓட்டோக்களில் கட்டிய கொடிகளை இன்னும் எவரும் அவிழ்க்கவில்லை. விடிய வெள்ளணக் கடையைத் திறந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, முதலில் ரேடியோவைப் போட்டேன். காற்றுப் பம்பை மறுகாதான் எடுத்தேன்.

செல்லத்தம்பி அண்ணன் எனக்கு முன்னமே வந்து, கவிழ்த்துவைத்த பெட்டியில் இருந்தார். பாண்டிருப்பில் மீன்பிடிக்கிறவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னைக் காக்கா என்பார். நான் அவரை அண்ணன் என்பேன். எங்களுக்குள் இளையவன் என்று ஒருவரும் கிடையாது.

பத்து நாளாக அவர் கடலுக்குப் போகவில்லை. மகள் நிரோஜினி சமாதான காலத்தில் கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்குப் போனவள். கடைசியாகத் தை மாதம் போனில் கதைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அண்ணன் ஒவ்வொரு செய்தியாகக் கேட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போவார். மனைவி பூமணி வாய்திறந்து எதுவும் கேட்பதில்லையாம். முகத்தை மட்டும் பார்ப்பாவாம்.

பிறந்தநாள் வாழ்த்துத் தொடங்கியது. நான் திருகுசாவியைக் கீழே வைத்தேன். இன்று என் பேத்திக்கு ஒரு வயது. பிறந்தநாள் கொண்டாடுவதைப் பற்றி மௌலவிக்கு ஒரு கருத்து இருக்கிறது. அவர் இந்த நிகழ்ச்சியைக் கேட்பதில்லை என்பதால் என் அட்டைகள் தப்பிவருகின்றன.

நாலாவதாக வந்தது எங்கள் அட்டை. "மருதமுனையில் முதலாவது பிறந்தநாளைக் கொண்டாடும் செல்லப் பேத்தியை வாழ்த்துபவர்கள், மூத்தாப்பா மசூர், மூத்தம்மா சுஹறா, உம்மா நிப்லா, கட்டாரிலிருந்து வாப்பா, மாமா றிஷாட்."

அடுத்த பெயருக்கு அறிவிப்பாளர் போய்விட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"மகன்ட பேரும் வந்தது," என்றார்.

"வந்தது."

"மாறிப் போட்டுட்டீங்களா, காக்கா?"

"நாலரை வருஷமா மாறிப் போட்டுக்கிட்டுத்தான் இரிக்கன், அண்ணன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கடல் வந்த பிறகு முதல் அட்டையை அவன் பெயர் இல்லாமல்தான் எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்ததும் அது வேறு யாருடையதோ வீட்டு அட்டை போலிருந்தது. கிழித்துப்போட்டு, பெயரைச் சேர்த்து எழுதினேன். அறிவிப்பாளருக்கு என்ன தெரியும். இருக்கிறவர்களையும் அவனையும் ஒரே குரலில் வாசித்தார். அவர் வாசித்த அந்த நேரம் மட்டும் என் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

அண்ணன் பிளேன்டியைக் குடித்து முடித்தார். கிளாசைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டினார்.

"எனக்கும் ஒரு காட் எழுதித் தாங்களன்."

"ஆருக்கு?"

"நிரோஜினிக்கு. வாற மாசம் பதினாலு அவள் பிறந்த நாள். சனத்தையெல்லாம் வவுனியாப் பக்கம் முகாமில வச்சிருக்காமே. அதுக்குள்ள ஆரிட்டயாவது ஒரு ரேடியோ இருக்கும்தானே?"

"இருக்கும், அண்ணன்."

"பேர் கேட்டா, நாங்க தேடுறம் எண்டு அவளுக்கு விளங்கும்."

மேசை இழுப்பறையில் என்னிடம் எப்போதும் அட்டை இருக்கும். எழுதத் தொடங்கினேன். அம்மா பூமணி, அப்பா செல்லத்தம்பி, தம்பி தினேஸ். பெயர்களெல்லாம் சரியாக வந்தன. பிறந்தநாள்காரியின் பெயருக்குப் பக்கத்தில் ஊரை எழுத வேண்டும். அங்கே பேனா நின்றது.

"ஊர் எண்டு என்ன போடுறது?"

அண்ணன் வீதியைப் பார்த்தார். கொடி கட்டிய ஓட்டோ ஒன்று போனது. அது போய் மறையும்வரைக்கும் பார்த்தார்.

"பாண்டிருப்பு எண்டு போடுங்க, காக்கா. அதுதானே அவள்ட ஊர்."

போட்டேன். நல்ல எழுத்தில் போட்டேன். அப்போதுதான் போன் அடித்தது. நிப்லா.

"வாப்பா, எங்க இரிக்கீங்க?"

"கடையில."

"உம்மா கேட்டுட்டா."

"என்னத்த?"

"பக்கத்து வீட்டுப் பரீனா மாமி புள்ளைட பேர் வருது எண்டு ரேடியோவக் கூட்டி வெச்சிட்டா. உம்மா எங்கட குசினியில இருந்தே எல்லாத்தையும் கேட்டுட்டா. வாப்பா, உம்மா ஒண்டும் கதைக்கிறா இல்ல. வீட்ட வாங்க."

*

கடல் வந்த நாளிலிருந்து சுஹறா வீட்டுக்குள் ரேடியோவை எடுக்க விட்டதில்லை. அந்த வீடு போய், வீட்டுத்திட்டத்தில் இந்த வீடு கிடைத்தபோதும் அதே சட்டம். இங்கே வீடெல்லாம் ஒரே அச்சு. வந்த புதிதில் ஒருநாள் நான் பரீனாவின் வீட்டுக்குள் போய்ச் சோறு கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் அப்படி வேறு வீட்டுக்குள் போய்விட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டுதான் சைக்கிளை மிதித்தேன். ஊரார் சைக்கிளுக்கெல்லாம் பிரேக் போடுகிறவன் நான். என் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சுஹறா குசினியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். காக்கா வருகிறார் என்று வாங்கியது. நிப்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

மூன்று பதில்களைத் தயார்செய்துகொண்டு வந்திருந்தேன். மூன்றும் சிரிக்கவைக்கிற பகிடி.

"இது எத்தினையாவது தரம்?" என்று கேட்டாள். தலையை நிமிர்த்தவில்லை.

"என்னது?"

"அவன்ட பேர்."

"எல்லாக் காட்டிலயும் போடுறன்."

"நாலரை வருஷமா?"

"ஓம்."

ஓர் இறாலின் தலையைத் திருகிப் போட்டாள். "ஊரெல்லாம் கேட்டிரிக்கி. பரீனா கேட்டிரிக்கா. உங்கட கடைக்குக் காத்தடிக்க வந்தவனெல்லாம் கேட்டிரிக்கான். பெத்தவ நான் மட்டும் கேக்கல்ல."

என் மூன்று பகிடியில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"கோவமா, சுஹறா?"

"கோவம்தான்." அடுத்த இறாலை எடுத்தாள். எடுத்ததை உடைக்காமல் வைத்திருந்தாள். "அத மறுகா ஒருக்கா வாசிப்பாங்களா?"

"ஒரு காட்ட ஒருக்காத்தான் வாசிப்பாங்க."

"அப்ப இன்னொண்டு போடுங்க. ரேடியோவ வீட்ட கொண்டு வாங்க."

ஏச்சு வாங்க வந்தவனுக்கு இப்படி ஒரு சொல். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான், ஒரு நிமிஷம். அதற்குள் அவள் கதைக்கத் தொடங்கிவிட்டாள். றிஷாட்டைப் பற்றி அவள் என்னோடு இவ்வளவு கதைத்து வருஷக்கணக்காகிறது.

"நான் ஒவ்வொரு நாளும் யோசிச்சிரிக்கன். அந்த நேரத்துல என்ர புள்ள என்ன செஞ்சிக்கிட்டு இருந்திரிப்பான் எண்டு. அதுக்குத்தான் ரேடியோவக் கண்டா எனக்கு ஏலாமப் போன. இண்டைக்கு அந்தாள் அவன்ட பேரை வாசிக்கக்குள்ள வேற மாதிரி இருந்திச்சி. அவன் பாட்டுக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்திரிப்பான்? தனக்கு விருப்பமானதச் செஞ்சிக்கிட்டு இருக்கக்குள்ளதான் போயிரிக்கான். பயப்பட நேரம் இருந்திரிக்காது, என்ன?"

இப்போது என்னைப் பார்த்தாள்.

ஓம் என்று ஒரு சொல் போதும். ரேடியோ வீட்டுக்கு வந்துவிடும். மச்சானின் காலில் விழுந்தாவது அவர் வாயை அடைத்துவிடலாம். நான் அதற்கும் தயங்குகிற ஆள் இல்லை. ஆனால் அவள் தேற்றிக்கொண்டிருந்த பிள்ளை எங்கள் பிள்ளை இல்லை. அது நான் தபாலட்டையில் எழுதிவந்த செயலாளர். அவன் உண்மையில் யார் என்பதை நான் நாலரை வருஷமாக மூடி எழுதியிருக்கிறேன். இதிலும் ஓம் போட்டால், அவன் இருந்ததற்கு வேறு சாட்சி இல்லை.

"அவனுக்கு ரேடியோவில விருப்பம் இல்ல, சுஹறா."

"என்ன கதைக்கீங்க. எத்தினை காட் எழுதினவன்."

"எனக்காக எழுதின. அவன்ட எழுத்து வடிவு எண்டு நான்தான் எழுத வெச்சன். அவனுக்கு விருப்பம் குருவி பாக்கிறது."

அது அவளுக்கும் தெரியும். குருவிக் கொப்பி என்று ஒன்று வைத்திருந்தான். எந்தக் குருவியை எங்கே, எத்தனை மணிக்குக் கண்டான் என்று எழுதிப் படமும் கீறுவான். நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். நான்தான் கூடச் சிரிப்பேன்.

"அண்டைக்கு விடிய உன்ட காக்கா வந்தவர்," என்றேன். "டிராக்டர் சாமான் வாங்கக் கல்முனைக்கு வந்த இடத்துல, இவனையும் ஏத்திக்கிட்டுச் சாகாமத்துக்குப் போகத்தான் வந்தவர். குளத்துல வெளிநாட்டு வாத்து வந்து இறங்கியிரிக்கி எண்டு அதுக்கு முதல் கிழமை சொல்லியிரிக்கார். இவன் சுபஹுக்கே எழும்பி, சேட்டும் போட்டு, கொப்பியையும் கையில எடுத்துக்கிட்டு வாசல்ல நிண்டான்."

சுஹறாவின் கையில் இறால் அப்படியே இருந்தது.

"நான் போக விடல்ல. அண்டைக்கு நம்மட மன்றத்துப் பாட்டு வருது எண்டு அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரேடியோவில சொல்லிட்டாங்க. பேர் வரக்குள்ள செயலாளர் இல்லாட்டி எப்பிடி எண்டன். வாத்து அடுத்த கிழமையும் இரிக்கும், நம்மட பேர் இண்டைக்கு மட்டும்தான் எண்டன். காக்காவும் சொல்லிப் பாத்தார், விடுங்க மச்சான், புள்ள ஆசப்படுறான் எண்டு. நான் கேக்கல்ல."

"மறுகா?"

"காக்கா போயிட்டார். பெட்டரி குறைஞ்சி சத்தம் மங்கிக்கிட்டு வந்திச்சி. நான் பெட்டரி வாங்கப் போனன். டக்கெண்டு வந்திரிக்கலாம். கடையில நிண்டு, இண்டைக்கு எங்கட பேர் வருது, எல்லாரும் ரேடியோவப் போடுங்க எண்டு சொல்லிக்கிட்டு நிண்டன். கடைக்காரன் பகிடி பண்ணினான். நானும் பண்ணினன். அப்பதான் சனம் ஓடி வந்த."

பரீனா வீட்டில் ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். எங்கள் கதை அங்கே கேட்டிருக்க வேண்டும்.

"அந்தக் கொப்பிய நான் தேடின," என்றாள் சுஹறா. "அவன்ட பள்ளிக்கூட பேக் கிடைச்சிச்சி. அதுக்குள்ள இல்ல."

"அவன்ட கையில இருந்த."

"அழுதானா?"

"இல்ல. என்னோட கோவிச்சிக்கிட்டு ரேடியோக்குப் பக்கத்துல இருந்தான். நான் வர முதல் நம்மட பேர் வந்தா, கேட்டு எனக்குச் சொல்லணும் எண்டன். தலைய ஆட்டினான்."

"வாசிச்சாங்களா?"

நாலரை வருஷமாக இந்தக் கேள்வியை என்னிடம் நானே கேட்டுக்கொண்டு வருகிறேன். இன்னொருவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

"தெரியா," என்றேன். "கேட்டுச் சொல்ல நான் அவனத்தானே வெச்சிட்டுப் போன."

அவள் மீதி இறால் எல்லாவற்றையும் உடைத்தாள். ஒன்றையும் விடவில்லை. கழுவினாள், உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டினாள், அடுப்பில் வைத்தாள். நான் குசினி வாசலில் நின்றேன். நான் வெளியே போகவும் இல்லை, அவள் உள்ளே வரச் சொல்லவும் இல்லை.

*

மச்சான் அசறுக்குச் சொன்னபடி ஓட்டோவில் வந்து இறங்கினார். தாடி நரைத்துவிட்டது. பேத்திக்கு ஒரு சட்டையும் கேக்கும் கொண்டுவந்தார். சலாம் சொல்லிக் கதிரையில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார், தங்கையின் முகத்தைப் பார்த்தார். விளங்கிவிட்டது.

சுஹறா அவருக்குச் சோறு போட்டாள். இறால் பொரியலைத் தட்டில் அள்ளிவைத்தாள். எனக்கும் வைத்தாள், குறைவில்லாமல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு மச்சான் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் இன்னும் கொஞ்சம் நிண்டு கேட்டிரிக்கலாம். கையப் புடிச்சி ஏத்தியிரிக்கலாம். கேக்கல்ல. மறுகாவும் உன்னட்டச் சொல்லாம இருந்திட்டன். பொறுத்துக்கொள்."

"நீங்க என்ன செஞ்ச, காக்கா. கூட்டிப் போகத்தானே வந்த. நான் பொறுத்துக்கிட்டன். போயிட்டு வாங்க. அங்க அவனுக்குத் துஆச் செய்ங்க."

மச்சான் கண்ணைத் துடைத்தார். நானும் கேட்க நினைத்தேன். பொருத்தம் கேட்க அவரிடம் டிக்கட் இருந்தது. என்னிடம் அதுவும் இல்லை.

"அந்த வாத்தெல்லாம் இப்பவும் சாகாமத்துக் குளத்துக்கு வருதா?" என்று சுஹறா கேட்டாள்.

"வரும், வரும். அதுகளுக்கு யுத்தமும் இல்ல, சமாதானமும் இல்ல. போன வருஷமும் வந்திச்சி."

"அவன் எந்த இடத்துல நிண்டு பாப்பான் எண்டு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதுக்கு முந்தின வருஷம் நான்தானே கூட்டிப்போய்க் காட்டின. குளக்கட்டுல மருத மரம் ஒண்டு இரிக்கி. அதுக்குக் கீழ."

அவள் எழும்பி அறைக்குள் போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நிப்லா என்னைப் பார்த்தாள். குழந்தை புதுச் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. சுஹறா வெளியே வந்தபோது கையில் ஒரு துணிப் பை. தலையில் முக்காட்டைச் சரிசெய்தாள்.

"நானும் உங்களோட வாறன், காக்கா."

"எங்க உம்மா?" என்று நிப்லா கேட்டாள்.

"மாமாட வீட்ட. குளத்தப் பாக்க."

"தங்கச்சி, வா, வந்து இரு. உன்ட வீடுதான்," என்றார் மச்சான். என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஆனா இப்ப போனா ஒண்டையும் காணக் கிடைக்காது. இது வெயில் காலம். அதுகள் மாரிக்குத்தான் வந்து இறங்கும்."

"அப்ப மாரி வரும் வரைக்கும் அங்க இரிக்கன்."

யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இப்படியான நேரத்தில் இந்த வீட்டில் எப்போதும் வாயைத் திறப்பவன் நான்தான்.

"மாரிக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கே, சுஹறா," என்றேன்.

அவள் வாசலில் குனிந்து செருப்பைப் போட்டாள்.

"தெரியும்," என்றாள்.